நீலச் சைக்கிளும் நண்டுக் கறியும்

சைக்கிள் திருத்துகிறவர்களின் சொந்தச் சைக்கிளை மட்டும் ஒருபோதும் இரவல் கேட்காதீர்கள். ஊரிலுள்ள மற்ற எல்லாச் சைக்கிளும் ஓடும், அது ஓடாது. செட்டிபாளையத்தில் நான் சைக்கிள் கடை வைத்திருந்த காலத்தில் என் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. மணி அடிக்காது. செயின் நினைத்த இடத்தில் கழன்று விழும். காலை மணலில் தேய்த்துத்தான் அதை நிற்பாட்டுவேன். (செருப்புக்கு ஆன செலவில் நாலு பிரேக் பூட்டியிருக்கலாம் என்று இவர் சொல்வார். இவர் என்றால் என் கணவர். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை.)

நான் சைக்கிள்காரி ஆனதே ஒரு கூச்சத்தால்தான். எங்கள் தீவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்குத் தொழில் பழக்க வந்தது. உயர்தரம் வரை படித்தவள், கைக்குழந்தைக்காரி, வீட்டிலிருந்தே செய்யலாமே என்று தையல் வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போனேன். அது நிரம்பிவிட்டது. "சைக்கிள் திருத்துற வகுப்பில இடமிருக்கு, போடவா அக்கா?" என்று கேட்ட பிள்ளையின் முகம் வாடிவிடக் கூடாதே என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலின் விளைவாக எங்கள் வீட்டு முன்பந்தலில் 'துவிச்சக்கரவண்டி திருத்துமிடம்' என்ற பலகை தொங்கியது.

அதே நிறுவனம் எனக்கும் மற்ற ஊர்ப் பெண்களுக்கும் ஒரு லொறி நிறையச் சைக்கிளும் கொடுத்தது. எல்லாம் ஒரே நீலம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே மாதிரிக் கூடை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சம்பவம் தொடங்கியது பிரதான வீதிச் சென்றியில், அதாவது இராணுவச் சோதனைச் சாவடியில். அங்கே சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டு, பையோடு மறைப்புக்குள் போய்ச் சோதனை கொடுத்து, வெளியே வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். அன்று காலை மகனோடு போனேன். அவனுக்கு ஒரு வயது கடந்திருந்தது. கூடைக்குள் சின்னத் தலையணை வைத்து அவனை இருத்திக்கொண்டு போவது வழக்கம். தலையணையையும் அமுக்கிப் பார்ப்பார்கள் என்பதால் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சோதித்த பெண் தலையணையை அமுக்கியதும் மகன் ஊரைக் கூட்டினான். அவனை வாரித் தூக்கிக்கொண்டேன். (அடையாள அட்டையை எடுத்து வைத்தேனா? அடுப்பை அணைத்தேனா? கதவைப் பூட்டினேனா? இந்த மூன்றும் எனக்குள் எப்போதும் ஓடும்.) வெளியே வந்ததும் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு பறந்தேன்.

'பறந்தேன்' என்பது மிகையில்லை. மிதித்தால் போனது. வழக்கம்போல ஒரு முறை பிரேக்கை அமுக்கிப் பார்த்தேன். அது பிடித்துவிட்டது! விழப் பார்த்தேன். மணியைத் தட்டினேன். 'கிர்ர்ர்ர் டிங்' என்று இனிமையாக அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கேட்காமலே இவர் இரகசியமாகத் திருத்தி வைத்திருக்கிறார்!

அன்று பின்னேரம் வாவியில் பிடித்த நண்டு வாங்கி, தேங்காய்ப்பால் விட்டுக் கறி சமைத்தேன்.

"நீங்களா பார்த்தீங்க சைக்கிளை?" என்று கேட்டேன்.

இவர் பேப்பரைத் தாழ்த்தாமல் "ம்" என்றார். நண்டுக் கறி இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மிட்வைஃப் மிஸ்ஸி கடைக்கு நடந்து வந்தார். எங்கள் ஊர்க் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பொறுப்பானவர். அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

"என்ட சைக்கிளை எவளோ கொண்டு போயிற்றாள் புள்ள. திருத்தக் கிருத்தக் கொண்டு வந்தா பிடிச்சு வை."

"எங்க மிஸ்ஸி வச்சு?"

"சென்றியில, நேற்றுக் காலம்பற. முன்னால ஆரோ ஒருத்திர புள்ள கத்தின கத்துக்கு எனக்குக் காதடைச்சுப் போச்சு. மறுகா என்ட ஊசிப் பெட்டிய ஒவ்வொண்டாக் கிளறிப் பார்த்தாங்க. வெளிய வந்து பார்த்தா நல்லது போயிற்றுது. துருப்பிடிச்ச சனியன் ஒண்டுதான் கிடந்திச்சு."

"கத்தினது என்ட மகன்தான் மிஸ்ஸி!" என்றேன் பெருமையாக. "நானும் அங்கதானே நிண்டன். சந்தேகப்படுற மாதிரி ஒருத்தரையும் காணல்லையே."

(இந்த வசனத்தை என் கல்லறையில் எழுதலாம் என்று இவர் அபிப்பிராயப்படுகிறார்.)

உடனே என் படித்த மூளை வேலை செய்தது. கள்ளி தன் பழைய சைக்கிளைப் போட்டுவிட்டு நல்லதை எடுத்திருக்கிறாள்; ஆகவே இது திட்டமிட்ட களவு. "இப்பிடி ஒரு சைக்கிளை வச்சிருந்தவள் எப்பிடிப்பட்டவளா இருப்பாள் எண்டு யோசிச்சுப் பாருங்க மிஸ்ஸி. வீடு வாசல் எப்பிடிக் கிடக்குமோ!" என்றேன். அந்தப் பழைய சைக்கிளைப் போய்ப் பார்ப்பதுதான் துப்பறிகிறவர் செய்யும் முதல் வேலை. ஆனால் அது சென்றியில் கிடந்தது. தேவையில்லாமல் சென்றிப் பக்கம் போக எனக்குப் பயம். ஆகவே மூளையால் மட்டும் துப்பறிவது என்று தீர்மானித்தேன்.

கடமை உணர்ச்சியில் என் சைக்கிளைக் கொண்டு போகச் சொன்னேன்.

"வேணாம் புள்ள. உன்ட சைக்கிளை ஊரே அறியும். எனக்கு உயிர் வேணும்."

"இல்ல மிஸ்ஸி, இப்ப நல்லா ஓடுது. இவர் திருத்தித் தந்தவர். வளவுக்குப் பின்னால நிக்கிது, வந்து பாருங்களன்."

"உன்ட புருசனா?" என்று ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மிஸ்ஸி வெயிலில் நடந்தார்.

விசயம் சிரிப்பல்ல. என் மச்சாள் வசந்திக்கு முதல் பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. அவள் வீடு வாவிக்கரையில், மணல் ஒழுங்கையின் கடைசியில். ஊரடங்குச் சட்டம் எப்போது போடுவார்கள் என்று தெரியாத காலத்தில் ஆசுபத்திரியை நம்பமுடியாது, மிஸ்ஸியைத்தான் நம்பியிருந்தோம். வசந்தி அழுதாள். "மிஸ்ஸி நடந்து வந்து சேரக்குள்ள என்ட புள்ள நடக்கப் பழகிரும் மச்சாள்!"

"உன்ட வலிக்கு முதல் சைக்கிள் வரும்," என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஏன் சொன்னேன்?

கூடையில் மகனை இருத்திக்கொண்டு ஊர் முழுக்க விசாரணைக்குப் போனேன். சைக்கிள் காற்றாய்ப் போனது. மகன் வழிநெடுக மணி அடித்தான். அப்போது சில விநோதங்கள் நடந்தன. நான் வரும்போதே சிறு பிள்ளைகள் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். கர்ப்பிணிகள் படலைக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். என்னைக் கண்டதும் முகம் சுருங்கித் திரும்பிப் போனார்கள். துப்புத் துலக்குகிறவள் என்று பெயர் பரவிவிட்டால் இப்படித்தான், மரியாதை கலந்த ஒரு பயம் வரும் என்று எண்ணிக்கொண்டேன்.

கடைசியில் குற்றவாளி அகப்பட்டார். ஐஸ்பழம் விற்கும் சின்னராசா அண்ணன். ரியூப் ஒட்டவென்று கடைக்கு வந்தவரின் நகமெல்லாம் பச்சைப் பெயின்ற். அவர் மனைவிக்கும் நீலச் சைக்கிள் கிடைத்திருந்தது. இப்போது அவர் ஓடித்திரிவதோ பளபளக்கும் பச்சைச் சைக்கிள். எதற்காக ஒரு மனிதர் நல்ல நீலத்தின் மேல் பச்சை அடிக்க வேண்டும்?

குழந்தைகளை நிறுக்கும் கிளினிக் நாளில், பொதுமண்டபத்து வாகை மரத்தடியில் அவரை மடக்கினேன். கையில் அரம். தாய்மார் எல்லாரும் பிள்ளைகளோடு நின்றார்கள். மிஸ்ஸி தராசடியில் நின்றார்.

"எல்லாரும் பாருங்கோ!" என்று சொல்லி, பச்சைச் சைக்கிளின் கம்பியில் அரத்தை வைத்து இழுத்தேன். பச்சை உரிந்தது. கீழே நீலம்!

"நீலம்!" என்று கத்தினேன்.

சின்னராசா அண்ணன் ஐஸ்பழப் பெட்டியை மெதுவாக மூடினார். "நீலம் இல்லாம சிவப்பா இருக்கும் தங்கச்சி? லொறியில வந்த எல்லாம் நீலந்தானே. என்னத்துக்கு என்ட சைக்கிளைப் பிறாண்டுறாய்?"

"அப்ப ஏன் பச்சை அடிச்சீங்க?"

"சென்றியில பொம்புளையள் ஆளுக்காள் சைக்கிளை மாறி எடுத்துக்கொண்டு போறாளுகள்தானே? என்ட மனிசி ரெண்டு தரம் மாறி எடுத்திட்டு வந்துட்டாள். அதுக்குத்தான் அடிச்சன்."

மாறி எடுத்துக்கொண்டு. அந்தச் சொற்கள் என் காதில் விழுந்தன. மூளை வரை போகவில்லை. அந்த நேரம் பார்த்து, என் சைக்கிள் கூடைக்குள் இருந்த மகனுக்குப் பொழுது போகவில்லை. மணியை இழுத்தான்.

கிர்ர்ர்ர் டிங்.

அங்கே இருந்த அத்தனை குழந்தைகளும் ஒரே குரலில் வீறிட்டன. ஊசி போட வரும் மணி என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது.

மிஸ்ஸி மெல்லத் திரும்பினார். என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

"புள்ள, அது என்ட மணிதானே?"

"இல்ல மிஸ்ஸி, இது இவர் திருத்தி..." என்று தொடங்கினேன். அப்போதுதான் மூளைக்கு எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது. பிரேக். செயின். ஓடி ஒளிந்த பிள்ளைகள். பேப்பருக்குப் பின்னால் ஒலித்த அந்த 'ம்'.

"அப்ப அந்தத் துருப்பிடிச்ச சனியன்?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"என்ட," என்றேன்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அதற்குப் பதிலாக வசந்தியின் கணவர் ஓடி வந்தார். "மிஸ்ஸி, வலி வந்திட்டுது!"

மிஸ்ஸி தராசை விட்டு வந்தார். கூடைக்குள் இருந்த என் மகனைத் தூக்கி என் இடுப்பில் வைத்தார். பெட்டியைக் கூடையில் போட்டார், தலையணைக்கு மேலேயே. மணியடித்துக்கொண்டு மணல் ஒழுங்கையில் மறைந்தார். பின்னேரம் பெண் குழந்தை பிறந்தது. என் மகனின் தலையணைதான் அதன் முதல் தலையணை. நான் சொன்ன சொல் ஒருவகையில் பலித்தது. வலிக்கு முதல் சைக்கிள் அகப்பட்டுவிட்டது. (இதை நான் சொன்னால் எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.)

என் சைக்கிளை எடுக்க இவரும் நானும் சென்றிக்குப் போனோம். வைத்த இடத்திலேயே நின்றது. ஹாண்டிலில் யாரோ துவாய் காயப் போட்டிருந்தார்கள். காவலில் நின்ற பொடியன் கொச்சைத் தமிழில், "அம்மா, இது உங்கட? ஒருத்தரும் எடுக்க இல்ல," என்றான். அவன் குரலில் உண்மையான அனுதாபம் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் இவரைக் கேட்டேன். "ஏன் அண்டைக்கு 'ம்' எண்டீங்க?"

"நீ அவ்வளவு ஆசையாக் கேட்டாய். இல்லையெண்டா மனம் நோகுமே எண்டு..."

"நண்டு?"

"அது நல்லா இருந்திச்சு."

சின்னராசா அண்ணனின் சைக்கிளுக்கு நானே மறுபடி பச்சை அடித்துக் கொடுத்தேன். வசந்தியின் மகள் வளர்ந்து இப்போது ஸ்கூட்டியில் வந்து போகிறாள். புறப்படும்போது ஒவ்வொரு முறையும் படலையில் நின்று, "மாமி, இது என்டதானே? ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க," என்பாள்.

போன கிழமை எங்கள் குசினிக் குழாய் சொட்டுவது நின்றிருந்தது. மாதக்கணக்காகச் சொட்டிய குழாய். "நீங்களா பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

இவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "ம்," என்றார். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "இண்டைக்குச் சந்தையில நல்ல நண்டு வந்திருக்காம்," என்றார்.

நான் வாசலுக்குப் போய், இது எங்கள் வீடுதானா என்று பார்த்துவிட்டு வந்தேன்.