மணல் டின்னும் எபவுட் டர்னும்

அந்த ஞாயிற்றுக்கிழமை தியாகராய நகர் மாடியறையில் இருந்தவர்கள்: நான், டிரில் மாஸ்டர், வீட்டுக்காரர், ஒரு பூனைக்குட்டி. இல்லாதவர், எங்கள் மூன்றாவது அறைவாசி கம்பவுண்டர். நாற்றம் தாங்காமல் மயிலாப்பூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

விசில் ஊதினால் பூமியே இடப்பக்கம் திரும்பும் என்று நம்பியவர் டிரில் மாஸ்டர். மழையில் நனைந்த குட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். அது முதல் நாளே என் தலையணையில் காரியத்தை முடித்தது. பாத்திரக்கடை வைத்திருந்த வீட்டுக்காரர் மோப்பம் பிடித்து மாடியேறி வந்தார்.

"ஏ வாத்தியாரே, ஞாயித்துக்கெழம வந்து பாப்பேன். ஒழுங்கா ஒரு எடத்துல போகப் பழக்கியிருக்கணும். இல்லன்னா பூனையோட நீரும் வெளிய!"

மாஸ்டர் அசரவில்லை. பிஸ்கட் டின்னைப் படுக்கை வாட்டில் வெட்டி, பள்ளிக்கூட லாங் ஜம்ப் குழி மணலை நிரப்பினார். பால் குடித்ததும் குட்டியை அதில் நிறுத்தி விசில் ஊதுவார். ஸ்டாப் வாட்ச்சோடு அதன் மூஞ்சிக்கு நேரே குனிந்து காத்திருப்பார். குட்டி அவரையே பார்க்கும். பிறகு கட்டிலடிக்குப் போய் முடித்துக்கொள்ளும். ஒருநாள் அவரே மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைப் பறித்துக் காட்டினார்.

"நீ பட்ச்சவன். பொஸ்தகத்துல இன்னா போட்டுகீது?" என்று என்னைக் கேட்டார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு என்று நம்பினேன். நூலகம் முழுக்கத் தேடியதில், பூனை புலிக்குச் சொந்தம் என்று மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை மாஸ்டர் கக்கூசில் இருந்தார். எனக்கோ ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. கதவைத் தட்டினேன்.

"சார், ஆச்சா? ... ஆச்சா சார்?"

"வாசல்ல நின்னுக்கினு நொய்நொய்னா எப்டிப்பா ஆவும்? அப்பால போ!"

உள்ளே அவசரமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு கதவு படாரென்று திறந்தது.

"அய்யய்யோ, குட்டிக்கும் இதாம்பா கஷ்டம்!"

ஞாயிறு. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாஸ்டர் குட்டியை டின்னில் விட்டு விசில் ஊதினார்.

"அல்லாரும் எபவுட் டர்ன்!"

"நானுமா வே?"

"நீங்கதான் மொதல்ல, மொதலாளி!"

மூன்று பேரும் சுவரைப் பார்த்து நின்றோம். எந்தப் பரீட்சை முடிவுக்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. முதுகுக்குப் பின்னால் மெதுவாக, சரக்... சரக்... மணல் பறிக்கும் சத்தம். மாஸ்டரின் வாயிலிருந்த விசில் அவரை அறியாமல் மெல்லச் சிணுங்கியது.

"சரி, இருந்துட்டுப் போட்டும்," என்றார் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்தபடியே. "ஆனா ஒரு ஆளு கூடிருக்கு. வாடகையில அஞ்சு ரூவா ஏத்திருதேன்."

மறுவருஷம் மாஸ்டர் கல்யாணமாகி, பூனையோடு கே.கே. நகருக்குக் குடிபோனார். வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்கவில்லை. நானும், நாற்றம் போனதும் திரும்பி வந்துவிட்ட கம்பவுண்டரும் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. மாஸ்டரும் பூனையும் எப்போதாவது வந்தால் வேண்டியிருக்குமே என்று மணல் டின்னைக் கட்டிலடியிலேயே வைத்திருந்தோம். அதற்கு வாடகை, மாதம் ஐந்து ரூபாய்.