இடுப்பில் ஏறி இறங்கிய நாடுகள்

உலகப் பொருளாதாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் எங்கள் திருச்செங்கோட்டுப் பெல்ட்டுக்காரர்தான். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. பதினெட்டு வருடமாகக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன் நான். என் மாணவர்கள் பாடம் கேட்கப் போனதோ அவரிடம்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவில் நாடு நாடாகச் சுற்றியவர். ஊர் திரும்பியதும் கல்லூரி வாசல் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். யாராவது ஒரு நாட்டின் பெயரைச் சொன்னால் போதும், பெல்ட்டைக் கழற்றி மேசைமேல் நீட்டிவிடுவார். அதில் அவரே ஆணியால் குத்திய ஓட்டைகள் பதினேழு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாடும் வருடமும் பேனாவில் எழுதியிருக்கும்.

“இது ஜாம்பியாங்க. அங்க எல்லாத்துக்கும் செம்பு ஒண்ணுதானுங்க. செம்பு வெல ஏறுச்சுன்னா ஊரெல்லாம் போர் போடச் சொல்லுவாங்க. கேம்ப்புல தெனமும் கறிச்சோறு. நானு இந்தக் கடேசி ஓட்டையில நிப்பனுங்க. வெல எறங்குச்சுன்னா ரிக்கு நின்னுபோயிரும், வெறும் ரசஞ்சோறு. ஒரே வருசத்துல அஞ்சு ஓட்ட உள்ள போயிட்டனுங்க!”

“அப்ப கென்யாங்க?” என்பான் ஒருவன்.

“அங்க தேயில, பூவு, டூரிஸ்ட்டு எல்லாம் இருக்குதுங்க சாமி. ஒண்ணு படுத்துக்கிட்டா இன்னொண்ணு தாங்கும். நானு பெருசா கொழுக்கவுமில்ல, எளைக்கவுமில்ல. ரெண்டே ஓட்டைங்க.”

நான் மூன்று வாரம் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டு மாரடித்ததும் இதே சங்கதிதான். இரண்டு நாடுகளின் சராசரி வளர்ச்சி ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒன்று நிதானமாக நடக்கும், மற்றது எகிறி எகிறி விழும். அன்று கொட்டாவி விட்டவர்கள் இன்று அவர் பெல்ட்டைப் போட்டோ எடுத்தார்கள். பரீட்சையில் ஒரு மாணவி, “ஓட்டை அதிகமுள்ள நாடு ஆபத்தானது” என்று எழுதியிருந்தாள். விடை சரிதான். பல்லைக் கடித்துக்கொண்டு முழு மதிப்பெண் போட்டேன்.

ஒருநாள் பெல்ட்டுக்காரரே ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நின்றார்.

“சார், புதுசா ஒரு நாட்டுக்குக் கூப்புடறாங்க. ரெண்டு வருச ஒப்பந்தமுங்க. இந்த வயசுல மறுக்கா எளைச்சா ஒடம்பு தாங்காதுங்க. போன நாடுதான் எனக்குத் தெரியும். போவாத நாட்ட நீங்கதான் பாத்துச் சொல்லோணும்.”

கம்ப்யூட்டரில் பார்த்தேன். அந்த நாட்டின் சராசரி வளர்ச்சி அபாரம். வருடவாரியாகப் பிரித்தால் ஒரு வருடம் மேடு, மறுவருடம் படுபள்ளம். சராசரியை மட்டும் சொன்னால் போதும். பொய்யுமில்லை, மனிதர் மூட்டை கட்டிவிடுவார், என் வகுப்பு எனக்கே திரும்பிவிடும். அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

“வேண்டாமுங்க. இங்கயே இருங்க” என்றேன்.

மறுநாளும் என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. பொறாமை இம்மியும் குறையவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு நானும் டீக்கடைக்கு நடந்தேன். மாணவர்களை நகரச் சொல்லி, அவர் பக்கத்திலேயே இடம்பிடித்து உட்கார்ந்தேன்.