சேர்மன் வீட்டுப் போர்வெல்

வாசல் கதவில் பலகையை மாட்டி ஒரு பொழுதுகூட முழுசாகப் போகவில்லை. காலையில் மபேனா கதவைத் திறந்தால், வெளியே பக்கெட்டும் கையுமாக நாலு பெண்கள்.

"நல்லபடியா எழுந்தீங்களா, சேர்மன் ஐயா?"

"எழுந்தேன் எழுந்தேன். நீங்க எழுந்தீங்களா? என்ன இந்நேரத்துல?"

"பலகையைப் பாத்தோம்" என்றாள் முன்னால் நின்ற பக்கத்து வீட்டு மசூக்கு அம்மா. "போர்வெல் போட்டிருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே!"

மபேனாவும் அப்போதுதான் அந்தப் பலகையை ஒரு தடவை நிதானமாகப் படித்தார். 'இந்தத் தோட்டத்துக்குப் பாய்வது போர்வெல் தண்ணீர்.' அவரே எழுதியது. சிவப்புப் பெயிண்ட்.

புலவாயோவில் அக்டோபர் மாதம் என்றால் தார் ரோடே வியர்க்கும். அணையில் தண்ணீர் இல்லை, குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டித் தீர்மானம் போட்டது சாட்சாத் மபேனாதான். "முதல் மழை விழற வரைக்கும் பூச்செடிக்குக் குழாய்த் தண்ணி ஒரு சொட்டுக் கிடையாது! மனுஷன் முக்கியமா, ரோஜா முக்கியமா?" பலத்த கைதட்டல். அதன் பிறகு தெருவில் எல்லார் தோட்டமும் பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்டது. சேர்மன் வீட்டு ரோஜா மட்டும் கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

அதில் திருட்டு ஒன்றும் இல்லை. ஜூலையில் கிளைகளை நறுக்கி ஒழுங்காகக் கவாத்து செய்திருந்தார். வெயில் ஏற ஆரம்பித்ததும் வேரைச் சுற்றிக் காய்ந்த புல்லை மூடாக்காகப் போட்டார். பிறகு, அவரும் மனைவி மாமோயோவும் ஒரு பெரிய தொட்டிக்குள் நின்றே குளித்தார்கள். அந்தத் தண்ணீரைச் சாயங்காலம் குவளை குவளையாக ஒவ்வொரு செடிக்கும் ஊற்றினார். ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொள்ள வேண்டிய காரியம்.

ஆனால் ரயில்வேயில் பிரிவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ரொட்டி வாங்கப் போனாலும் டை கட்டிக்கொண்டு போகிறவர், 'இது என் காலைக் கழுவின தண்ணிங்க' என்று எப்படிச் சொல்வார்? மதில் வழியாக எட்டிப் பார்த்து, "உங்க செடிக்கு மட்டும் என்ன மாயம்?" என்று மசூக்கு அம்மா கேட்டபோது, "போர்வெல்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகு பலகை மாட்டாமல் இருக்க முடியுமா? பச்சையாக இருக்கிற தோட்டம் எல்லாவற்றிலும் அந்தப் பலகை தொங்குவதுதான் இந்த ஊர் வழக்கம். அவள் சங்கத்தின் பொருளாளர் வேறு. சேர்மன் பொய் சொன்னார் என்று தெரிந்தால், அடுத்த கூட்டத்தில் அந்த நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருப்பாள்.

"மோட்டார் ரிப்பேர்" என்றார் மபேனா, வாசலில் நின்ற பக்கெட்டுகளைப் பார்த்து.

"அடடா, அதுக்கென்ன? என் கொழுந்தன் மோட்டார் மெக்கானிக். நாளைக்குக் கூட்டிட்டு வரேன்."

"வேண்டாம் வேண்டாம்! சின்ன ரிப்பேர்தான். நானே... இதோ, ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும்."

உள்ளே ஓடினார். சமையலறையில் இருந்த குடிதண்ணீர் டிரம் மொத்தத்தையும் தூக்கி, முன்பக்கக் குழாய்க்குப் போகிற கொல்லைத் தொட்டியில் கவிழ்த்து, அந்தக் குழாயைத் திறந்துவிட்டார்.

"சானேலே அப்பா, அது நாம குடிக்கிற தண்ணி" என்றாள் மாமோயோ.

"மெதுவாப் பேசு. மானம் போகுது."

"மானத்தைக் குடிச்சா தாகம் அடங்குமா?"

மறுநாள் பன்னிரண்டு பேர். இந்தத் தடவை அவர் முன்யோசனையோடு இருந்தார். பின்சந்து வழியாகப் பிக்கப் வண்டியில் டிரம் ஏற்றித் தண்ணீர் விற்கும் கும்போ என்கிற ஆளைப் பிடித்தார். ஆனால் சேர்மனே தண்ணீர் வாங்குவது வெளியே தெரியக் கூடாது. அதனால் டையைக் கழற்றி வைத்துவிட்டு, அழுக்கு ஓவராலும் கிழிந்த தொப்பியும் மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.

"நீ யாருண்ணே?" என்றான் கும்போ.

"நான்... இந்த வீட்டுத் தோட்டக்காரன்."

"முதலாளி எங்க?"

"உள்ள தூங்குறார். பெரிய மனுஷன்."

"இந்த வயசுல உன்னை டிரம் தூக்கவிட்டுட்டுத் தூங்குறானா? நல்லா இருக்கு அவன் பெரிய மனுஷத்தனம்! பிடி அந்தப் பக்கத்தை."

மபேனா பிடித்தார். இடுப்பில் ஏதோ நரம்பு முறுக்கிக்கொண்டது.

"ஐயா, மோட்டார் சத்தமே கேக்கலையே?" என்று அன்றைக்கு மசூக்கு அம்மா ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள். அடுத்த நாளிலிருந்து, கொட்டகையில் கிடந்த புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பி ஓடவிட்டார் மபேனா. வெட்டுவதற்குத் தோட்டத்தில் புல் ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் ஜோர். பெட்ரோல் புகை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் புகுந்து, மாமோயோ கிளறின சோளக்களியில்கூட அந்த வாசனை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் மேடையிலேயே சொல்லிவிட்டார். "நம்ம மபேனா ஐயா தண்ணியை ருசி பாத்தீங்களா? பாறைக்கு அடியிலேர்ந்து வர்ற தண்ணி! என்ன குளுமை! என் வயித்து எரிச்சலே போயிடுச்சு." சபை முழுக்க ஆமென் போட்டது. மபேனா எழுந்து நின்று கையசைத்தார். வேறென்ன செய்வார்?

அதற்குப் பிறகு எங்கெங்கிருந்தோ வந்தார்கள். வரிசை தெருமுனையைத் தாண்டித் திரும்பியது. பிள்ளைகள் பாத்திக்குள் இறங்கி ஓடிப்பிடித்து விளையாடின. சும்மா நிற்கிறோமே என்று சில பெண்கள் உதவி செய்தார்கள். அந்த உதவியில் மூடாக்குப் புல் முழுவதும் குப்பை என்று வாரிக் கொட்டப்பட்டது. நிறைந்த பக்கெட்டை இறக்கிவைக்க ரோஜாப் பாத்தி மேடு வசதியாக இருந்தது. கும்போவின் வண்டி ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை வந்தது. பென்ஷன் வந்த வழியே தெரியாமல் பின்சந்து வழியாக வெளியேறியது.

வீட்டிலோ ஆளுக்கு ஒரு சொம்புக் குளியல்தான். குளிக்கிற தொட்டியில் மிஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை. ரோஜாக்கள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிற வீட்டில் செடிக்கு ஊற்ற ஒரு குவளை கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் மாமோயோ அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது எல்லாத்தையும் நாம எதுக்கு ஆரம்பிச்சோம்?" என்றாள்.

"ரோஜாவுக்காக."

"ரோஜா எங்க?"

அவள் அவர் தலையிலிருந்த கிழிசல் தொப்பியை நேராக வைத்துவிட்டாள். "போய்ச் சொல்லிடுங்க. குளிச்ச தண்ணியில பூ வளத்தேன்னு சொன்னா யாரும் தூக்குல போடமாட்டாங்க. மசூக்கு அம்மா சேர்மன் ஆனா ஆகட்டும். கூட்டத்துக்கு டீ போடற வேலையாவது எனக்கு மிச்சம்."

மபேனாவுக்கு நெஞ்சு லேசானது. பின்சந்தில் கும்போவின் ஹாரன் கேட்டது. போனார்.

"கும்போ, இதோட கடைசி. நாளையிலேர்ந்து தண்ணி வேண்டாம்."

கும்போவின் முகம் வாடிவிட்டது. "என்னண்ணே இது! உங்க முதலாளி ஒருத்தரை நம்பித்தானே நான் பழைய வாடிக்கை எல்லாத்தையும் விட்டேன்? விலை ஜாஸ்தின்னா குறைச்சுக்கறேன். பாதி கொடுக்கச் சொல்லு. கால்வாசி கொடுக்கச் சொல்லு."

மபேனாவுக்குள் இருந்த மேற்பார்வையாளர் சட்டென்று விழித்துக்கொண்டார். "கால்வாசியா? அவ்வளவு குறைச்சு உனக்கு எப்படிக் கட்டும்? ஊருக்கு வெளியே இருந்து கொண்டு வர்றதா சொன்னியே?"

"அது மொதல்ல. இப்போ அவ்வளவு தூரம் போறதில்ல, டீசல் செலவே கிடையாது" என்றான் கும்போ. யாராவது கேட்கிறார்களா என்று சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தான். "நீயும் நம்மள மாதிரி உழைக்கிற ஆளு, உன்கிட்ட சொல்றதுக்கென்ன? இதோ இந்த முன்தெருவுல யாரோ ஒரு சேர்மனாம், போர்வெல் போட்டு ஊருக்கே சும்மா ஊத்தறாராம். என் பொண்டாட்டியும் அவ தங்கச்சிங்க நாலு பேரும் விடிஞ்சதுலேர்ந்து அங்கதான் வரிசையில நின்னு என் டிரம்மை நிரப்பிக் கொடுக்கறாங்க."