அரசு அங்கீகாரம் பெற்ற குழம்பு வாசனை

நாட்டிலுள்ள அருங்காட்சியகங்கள் எல்லாம் கண்ணுக்குத்தான் விருந்து வைத்தன. மூக்குக்கு முதன்முதலில் இலை போட்ட பெருமை எங்கள் காரைக்குடி அருங்காட்சியகத்தையே சேரும். 1996-இல் நடந்த அந்த மகத்தான புரட்சியில் இளநிலை உதவியாளனாக இருந்து கோப்பு தூக்கியவன் என்ற முறையில், இதை நான் எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

எங்கள் காப்பாட்சியர் ஜான் பீட்டர் சார் பதினொரு நாள் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரண மனிதர். வரும்போது 'வாசனைவழி வரலாற்று வல்லுநர்'. பெட்டியைக்கூட வீட்டில் இறக்காமல் நேரே அலுவலகத்துக்கு வந்து கூட்டம் போட்டார். கூட்டம் என்றால் அவரும் நானும்.

"தங்கச்சாமி, நம்ம செட்டிநாட்டுச் சமையற்கூடக் காட்சியில என்னென்ன இருக்கு?"

"அண்டா, உருளி, அம்மி. ஒரு பல்லியும் இருக்கு சார்."

"வாசம் இருக்கா?"

"பல்லிக்கா சார்?"

"வரலாத்துக்குய்யா! ஆளு உள்ள நுழைஞ்சதும் நூறு வருசத்துக்கு முந்தின கோழிக்குழம்பு மணக்கணும். அப்படியே அந்தக் காலத்துக்குப் போயிறணும்."

எப்பேர்ப்பட்ட சிந்தனை! கூரை ஒழுகுகிறது என்று மூன்றாண்டாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அற்பப் பிறவியான எனக்கு இது தோன்றவே இல்லை.

மணம் பரப்பும் இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க விதிகளில் இடமில்லை. ஆகவே புதுவயல் அரிசி ஆலைகளில் விசிறி பழுதுபார்க்கும் அந்தோணி பிரபுவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆலையில் பதர் தூற்றிய விசிறி ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, முன்னால் மசாலா எண்ணெயில் நனைத்த துணியைக் கட்டிக் கொண்டுவந்தார். சுவிட்சைப் போட்டதும் மேசைமேல் இருந்த கோப்புகள் எல்லாம் அந்தக் காலத்துக்குப் போய்விட்டன. வாசனையும் வந்தது. தவிட்டு வாசனை.

"குழம்பு மணக்கலையே பிரபு?" என்றார் சார்.

"பத்து வருசம் மில்லுல கெடந்த விசிறி சார். பழக்கம் விடமாட்டேங்குது. போகப் போக மறந்துரும்."

'இயந்திரம் பழகிவருகிறது' என்று கோப்பில் எழுதினேன்.

எங்கள் சமையற்கூடத்து ஜன்னலுக்கு வெளியே சோணையம்மாள் அக்காவின் சாப்பாட்டுக் கடை. நாலு கீற்று, ஒரு பெஞ்சு. கணவர் இறந்த பிறகு இரண்டு பெண்களையும் அந்தக் கடைதான் படிக்க வைத்துக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு அக்கா சோம்பும் மிளகும் கல்பாசியும் வறுக்கத் தொடங்கினால் எங்கள் அலுவலகத்தில் ஒரு தாள் நகராது. என் மதியச் சாப்பாடு தினமும் அங்கேதான்.

"வாங்க தம்பி, இங்குட்டு ஒக்காருங்க. என்ன, ஒங்க ஆபீசுல தவிட்டு வாடை வீசுது? மாடு கீடு வாங்கியிருக்கீகளா?"

"அது வரலாறுக்கா."

"என்ன எழவோ. இன்னொரு கரண்டி ஊத்தவா?"

சென்னையிலிருந்து ஆணையர் ஆய்வுக்கு வந்தார். பதினொன்றேகாலுக்கு அவர் சமையற்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. விசிறி நின்றது. ஜான் பீட்டர் சார் முகத்தில் ஈயாடவில்லை. அப்போது ஜன்னல் வழியாக வந்தது பாருங்கள் ஒரு வாசனை! ஆணையர் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார்.

"அடடா! நூறு வருஷம் பின்னால போயிட்டேன்யா! கரண்ட் இல்லாமலே வேலை செய்யுதே!"

"அதுதான் சார் இதோட சிறப்பு," என்றார் எங்கள் சார், துளியும் கூசாமல்.

ஆணையர் பூரிப்போடு ஜன்னலில் எட்டிப் பார்த்தார். வெளியே கரண்டியும் கையுமாகச் சோணையம்மாள். சரி, குட்டு உடைந்தது என்று நினைத்தேன். மேலதிகாரிகளின் அறிவை நான் எப்போதுமே குறைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறேன்.

"யாருய்யா அந்தம்மா? நம்ம வாசனையைத் திருடி வெளியில வித்துக்கிட்டு இருக்காங்க!"

மூன்றே நாளில் கடையைக் காலி செய்யச் சொல்லி ஆணை. 'பொருள்: அரசு அங்கீகாரம் பெற்ற குழம்பு வாசனையை அனுமதியின்றி வெளியிட்டமை.' வரைவு அடியேன். நடை கம்பீரமாக இருப்பதாகச் சார் பாராட்டினார். மதியம் அக்கா கடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் அதைக் கொடுத்தேன். வெறும் வயிற்றோடு அரசுப்பணி செய்யக் கூடாது.

அக்கா இரண்டு தடவை படித்தார். "ஏந் தம்பி, வாசனைய நான் எங்குட்டுக் கட்டிப்போட? மூத்தவளுக்குப் பரிச்சை வருது. ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்லி ஒங்க சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவீகளா?"

"சொல்றேன்கா."

சொல்லவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள நான் என்ன கிறுக்கனா?

கீற்றைப் பிரித்தார்கள், அடுப்பைப் பறிமுதல் செய்தார்கள். மறுநாளிலிருந்து சமையற்கூடத்தில் சுத்தமான, கலப்படமற்ற தவிட்டு வாசனை. 'மாட்டுத் தொழுவம் தத்ரூபம்' என்று பார்வையாளர் ஒருவர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். சார் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். அடுப்பையும் வீணாக்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்.

"சார், இது போன வருசம் நான் வெல்டிங் வச்சுக் குடுத்த அடுப்பு," என்றார் அந்தோணி பிரபு.

"உங்க கருத்து பதிவு செய்யப்பட்டது," என்றார் சார்.

ஒரு மாதம் கழித்துச் சோணையம்மாள் அடுப்பைக் கேட்டு வந்தார். வேறு இடத்தில் கடை போட வேண்டுமாம். விதிப்படி டிக்கெட் வாங்க வைத்துத்தான் உள்ளே விட்டோம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, நான் எழுதிய குறிப்பை எழுத்து விடாமல் சத்தமாகப் படித்தார்.

"'செட்டிநாட்டு அடுப்பு. காலம்: நூறு ஆண்டுகளுக்கு முன். பயன்படுத்தியவர்: பெயர் தெரியவில்லை. தொடாதீர்.'"

என் பக்கம் திரும்பினார்.

"தெனமும் இந்த அடுப்புச் சோத்தத்தான தின்னீக தம்பி. எம் பேரு தெரியலையா ஒங்களுக்கு?"

பதவி உயர்வு பெற்ற அரசு ஊழியன் பொய் சொல்லலாமா?

"தெரியும்கா," என்றேன். "எழுதினா அடுப்பைத் திருப்பித் தரணுமே."