பாட்டுக்காகக் காரை விட்டு இறங்கியவர்

ஒரு பாட்டுக்காக ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் மாணவியைத் தனியே விட்டுவிட்டு இறங்கிப்போன டிரைவிங் டீச்சர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அந்த மாணவி நான்தான்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவரை ‘ஆஃப் கிளட்ச் அக்கா’ என்பார்கள். எது கெட்டாலும், கிளட்சைப் பாதி மட்டும் விடச் சொல்லி, “ஆஃப் கிளட்ச்! ஆஃப் கிளட்ச்!” என்று கத்துவார். அவருக்குச் சொந்த ஊர் பள்ளிபாளையம். வாரம் இரண்டு நாள் என் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டியிருந்ததால், நாற்பத்திரண்டு வயதில் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு பென் டிரைவைச் செருகினார்.

“பாட்டு ஓடுனாத்தானுங்க காலு பயப்படாது.”

அதில் இருந்தது ஒரே ஒரு பாப் பாடகர். முப்பது வருடமாகப் பாடுகிறவர். கேசட் காலத்தில் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு உருகினார். பிறகு டிஸ்கோவுக்குத் தாவினார். கொஞ்ச காலம் பறையும் தவிலும், அப்புறம் ராப். இப்போது சொந்தக் குரலையே கம்ப்யூட்டரில் கொடுத்து ரோபோ குரலாக வாங்கிக்கொள்கிறார். எல்லாம் வருட வரிசையில் ஓடும். ஒரு பாட்டைக்கூடத் தள்ளக்கூடாது. டிஸ்கோ காலத்தில் நான் இரண்டு முறை காரைச் சாக்கடையில் இறக்கினேன்.

“அது பாட்டோட தப்பில்லீங்க சாமி” என்றார்.

பதினெட்டாம் நாள் மலையேறினோம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. ஸ்பீக்கரில் ரோபோ அலறியது. வளைவு நெருங்க நெருங்க, பயத்தில் என் வாய் உளறிவிட்டது.

“இந்தாளு பழைய பாட்டோட நிறுத்தியிருக்கலாமுங்கக்கா. இது மிக்ஸியில கல்லு உழுந்த மாதிரி இருக்குது.”

“வண்டிய நிறுத்துங்க.”

நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கதவைத் திறந்தார், இறங்கிவிட்டார்.

“அக்கா! எங்க போறீங்க?”

“சொன்னத வாபஸ் வாங்குங்க. அப்பறம் வாரேன்.”

பின்னால் ஒரு பஸ் வந்து முட்டாத குறையாக நின்றது. ஹாரன். அதற்குப் பின்னால் இன்னொரு ஹாரன். பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தேன். கார் ஒரு விரற்கடை பின்னே நகர்ந்தது போலிருந்தது. எனக்குத் தெரிந்த தெய்வங்களின் பெயர்களெல்லாம் தீர்ந்துபோயின.

கண்டக்டர் ஓடி வந்தார். “ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?”

“இல்லீங்க, பாட்டுப் பிரச்சினை” என்றார் அக்கா.

கண்டக்டர் ஜன்னலில் காதை வைத்துக் கேட்டார். “அவங்க சொல்றதும் நாயந்தானுங்களே” என்று ஆரம்பித்தவர், அக்கா பார்த்த பார்வையில் பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார்.

“வாபஸ்!” என்று அலறினேன்.

அக்கா ஜன்னலில் குனிந்தார். கண் கலங்கியிருந்தது. “தறி ஓட்டிட்டிருந்தேன். மொதலாளி தறிய வித்துப்போட்டாரு. இட்லிக் கடை போட்டேன், அதும் போச்சு. முப்பத்தெட்டு வயசுல இந்த வண்டி ஓட்டறதப் பழகுனப்ப ஊட்ல அத்தன பேரும் ‘பழைய பொழப்பே நல்லாருந்துச்சு’ன்னாங்க. இந்தப் பாட்டுக்காரரையும் சனம் ஒவ்வொருக்காவும் அதையேதான் சொல்லுது. அவரு நிறுத்துனாருங்களா?”

“ஏறுங்கக்கா” என்றேன்.

“நீங்களே ஏத்துங்க. நான் கல்ல எடுத்து ஓரமாப் போட்டுட்டு வாரேன்.”

“எந்தக் கல்லு?”

“எறங்குனதும் பின் சக்கரத்துக்கு வெச்ச கல்லுங்க. பின்ன, உங்கள உருள உட்டுருவனா?”

கிளட்சைப் பாதி விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். கார் முனகியது, நடுங்கியது, ஏறியது. வளைவு தாண்டி அகலமான இடத்தில் ஓரங்கட்டினேன். மூச்சிரைக்க வந்து ஏறிய அக்கா ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அதே பாட்டை முதலிலிருந்து போட்டார்.

போன வாரம் அந்தப் பாடகரின் புதுப் பாட்டு வந்தது. இந்த முறை விசில் மட்டும். டயாலிசிஸ் முடிந்து அப்பா வருகிறவரை காரில் உட்கார்ந்து கேட்டேன். எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. அக்காவுக்குப் போன் போடுவதற்கு முன்னால், எங்காவது பிடித்துவிடாதா என்று இன்னும் இரண்டு முறை கேட்டேன்.