குணாளனின் கேட்வேயும் தாம்பூலத் தட்டும்

மாப்பிள்ளை வீட்டாரின் வேன் சுங்கை பட்டாணியை விட்டுக் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தபோது, குணாளன் மாமியார் வீட்டு அறையில் கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டு வேட்டிக்கு மேலே லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒரு கோடு ஏன் படுத்தே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், பீச் ஸ்ட்ரீட்டில் கப்பலில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் ஆள் அவன். ஒரே ஆள். அந்த ஆபீசிலிருந்து இணையத்துக்குப் போகிற ஒவ்வோர் எழுத்தும் ஸ்டோர் ரூமில் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் லினக்ஸ் போட்டு, பின்னால் இரண்டு இணைய லைன்களை மாட்டி, யாருக்கு எவ்வளவு வேகம், எது எந்த வழியாகப் போக வேண்டும் என்று விதி எழுதி வைத்திருப்பவன் குணாளன். கேட்வே என்பது அதன் பெயர். அவன் அதை "நம்ம பெட்டி" என்பான். அவன் மனைவி துளசி அதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

போன வருஷம் ரோட்டர்டாம் வாடிக்கையாளரோடு வீடியோ மீட்டிங் நடக்கும்போது, முதலாளி இப்ராஹிம் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து போனார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் குணாளன் இரண்டு நாளில் மறந்திருப்பான். திட்டாததால் விதி எழுத ஆரம்பித்தான். அக்கவுண்ட்ஸுக்கு இவ்வளவு, சேல்ஸுக்கு இவ்வளவு, படம் பார்த்தால் வேகம் குறையும், பாட்டுக் கேட்டால் இன்னும் குறையும். மேனேஜர் மேசைக்கும் அளவு வைத்தான். நியாயம் என்றால் எல்லாருக்கும் நியாயம் என்று முதலாளி மேசைக்கும் வைத்தான். அந்த ஆபீசில் ஒருவர் தும்முவதாக இருந்தால்கூட வரிசையில் நின்றுதான் தும்ம வேண்டும் என்ற நிலைமை வந்துவிட்டது.

இன்றைக்கு மறுபடி ரோட்டர்டாம் மீட்டிங். பெட்டி வழியாக எவ்வளவு போகிறது என்று காட்டும் கோடு இந்நேரம் மலைபோல் ஏறியிருக்க வேண்டும். கொஞ்ச நாளாகவே அது தாழ்ந்துதான் இருந்தது, தன் விதிகளுக்கு ஆபீஸ் பணிந்துவிட்டது என்று அவன் பெருமைப்பட்டிருந்தான். ஆனால் மீட்டிங் நாளிலும் அது தரையோடு தரையாகக் கிடந்தது.

இந்தக் கோட்டை அவன் இன்றைக்குப் பார்த்திருக்கவே கூடாது. கடலுக்கு இந்தப் பக்கம் பாகான் டாலாமில், அவன் மாமியார் புஷ்பவள்ளி வீட்டில், கொழுந்தியாள் சாந்தினிக்கு நிச்சயதார்த்தம். மாமனார் இல்லாத வீடு. பெண் வீட்டு சார்பில் தாம்பூலத் தட்டு மாற்றப் போவது மூத்த மருமகன் குணாளன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவனுக்குக் கிடைக்கிற முதல் மரியாதை அது. சும்மாவும் கிடைத்துவிடவில்லை. கொழுந்தியாள் பட்டமளிப்பு, மாமனாரின் வருஷத் திதி என்று எதற்கு வந்தாலும் பாதியில் "லைன் போச்சு" என்று ஓடியவன் அவன். தட்டைத் தன் அக்கா மகன் திருநாவுக்கரசிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் புஷ்பவள்ளி இருந்தார். துளசி ஒரு வாரம் தாயோடு மல்லுக்கட்டிப் புருஷனுக்கு வாங்கிக் கொடுத்த தட்டு அது.

"இந்தத் தடவ ஓடிற மாட்டீங்கல்ல மாப்புள?" என்று காலையில் புஷ்பவள்ளி கேட்டார்.

"என்ன அத்த இப்படிக் கேட்டுட்டீங்க, அசைய மாட்டேன்" என்றான் குணாளன்.

அசையாமல்தான் இருந்தான். சாந்தினியின் சின்ன வயசுப் படங்களை டிவியில் ஓட விடுவதற்காக லேப்டாப்பைக் கொண்டு வந்திருந்தான். படங்களைத் திறக்கும் சாக்கில் கோட்டையும் திறந்துவிட்டான்.

உடனே ஆபீசில் கணக்கு பார்க்கும் ஷாஹிராவுக்குப் போன் போட்டான். எல்லாம் நன்றாக இருக்கிறது, மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் விசேஷத்தைப் பாருங்கள் என்றாள் அவள். குணாளன் நம்பவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள் எல்லாரும் அது வெடிக்கிற வரைக்கும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள் என்பது அவன் அனுபவம். பாவம், முதலாளி மறுபடியும் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறார், பிள்ளை அதைச் சொல்லப் பயப்படுகிறது என்று முடிவு கட்டினான்.

முதல் லைனில்தான் கோளாறு என்று தோன்றியது. தூரத்திலிருந்தே பெட்டிக்குள் நுழைந்து, ஆபீஸ் முழுவதையும் இரண்டாவது லைனுக்குத் திருப்பிவிட்டான். கோடு அசையவில்லை. இரண்டாவது லைனும் படுத்துவிட்டதா என்று அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம், தான் வைத்த வேக அளவுகள்தான் கழுத்தை நெரிக்கின்றன என்று சந்தேகம் வந்தது. ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து எழுதிய விதிகளை மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தான். அப்போதும் கோடு அப்படியே கிடந்தது.

வெளியே மேளக்காரர் வந்துவிட்டார். துளசி கதவைத் திறந்து பார்த்தாள். படம் தேடுகிறேன் என்றான். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த முகத்தைப் பார்க்கிறவள் அவள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மிச்சமிருந்தது காவல் விதிகள் மட்டும். யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம் என்று பெட்டி வாசலில் நின்று பார்க்கிற விதிகள். அவற்றைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதிவிடுவது என்று தீர்மானித்தான். முதல் விதி, எல்லாக் கதவையும் அடை. இரண்டாவது விதி, குணாளனுக்கு மட்டும் கதவைத் திற. முதல் விதியைத் தட்டினான். நிரந்தரமாக இருக்கட்டும் என்று சேமித்தான். எண்டர் அழுத்தினான்.

இரண்டாவது விதியைத் தட்ட விரலை வைத்தபோது திரை நின்றுபோயிருந்தது.

எல்லாக் கதவும் என்றால் அவன் நுழைந்த கதவும்தான். இந்தத் தொழிலுக்கு வந்த எல்லாரும் ஒரு தடவை செய்து, அதற்கப்புறம் வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு எச்சரிக்கிற தவறு இது. குணாளனும் போன மாதம்தான் ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். வீட்டைப் பூட்டி, சாவியை உள்ளேயே வைத்துவிட்டு, அந்த வீட்டில் முதலாளியையும் ரோட்டர்டாம்காரர்களையும் விட்டு வந்த மாதிரி இருந்தது.

மறுபடி ஷாஹிராவைக் கூப்பிட்டான். ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னான். அவசியமில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் குரலைக் கேட்டு, சரி என்று போனாள். பெட்டி அணைந்து எழுந்தது. எழுந்ததும் அவன் நிரந்தரமாகச் சேமித்த விதியை ஞாபகமாக எடுத்து, எல்லாக் கதவையும் மறுபடி அடைத்துக்கொண்டது. தான் வளர்த்த பெட்டி இத்தனை சொல்பேச்சு கேட்கும் என்று அவன் நினைக்கவில்லை.

இனி அவளே உள்ளே நுழைந்து விதியை அழிக்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு, பாஸ்வேர்டைச் செய்தியாகத் தட்டி அனுப்பினான். வேறு வழியில்லை. அதே நேரம் புஷ்பவள்ளி தாம்பூலத் தட்டோடு உள்ளே வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, பழம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மருமகன் ஒரு தடவை பார்த்துவிட்டால் தேவலை என்று வந்தவர்.

"மாமியார் சுட்ட தோசை கல்லு," என்று பாஸ்வேர்டை வாசித்தது போன். "எல்லாம் இங்கிலீஷ்ல சின்ன எழுத்தா அண்ணே? நடுவுல இடம் விடணுமா?"

குணாளன் பாய்ந்து ஸ்பீக்கரை அணைத்தான். புஷ்பவள்ளி போனைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். தட்டில் வெற்றிலையை ஒரு தடவை சரியாக அடுக்கினார். தட்டோடு வெளியே போனார். கூடத்தில் அவர் திருநாவுக்கரசைக் கூப்பிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கும்படி சொல்வது கேட்டது.

ஷாஹிராவுக்கு வேறு பிரச்சினை. எழுத்தைத் தட்டினால் திரையில் ஒன்றுமே தெரியவில்லை, கீபோர்டு செத்துவிட்டது என்றாள். லினக்ஸில் பாஸ்வேர்டு தட்டும்போது ஒன்றும் தெரியாது, புள்ளிகூடத் தெரியாது, தைரியமாகத் தட்டு என்றான் இவன். தெரியாததை எப்படித் தட்டுவது என்று அவள் மூன்று தடவை தப்பாகத் தட்டினாள். மூன்று தடவை தப்பினால் வாசலைச் சாத்திவிட வேண்டும் என்று அதற்கும் ஒரு விதி எழுதி வைத்திருந்தான் குணாளன்.

அவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். வாசலில் துளசி நின்றாள்.

"போகாதீங்க," என்றாள்.

"ஃபெரி பக்கத்துல தானே. வேன் வர்றதுக்குள்ள வந்துருவேன்."

"நான் எங்கம்மாகிட்ட கெஞ்சி வாங்குன தட்டு அது."

"துளசி, அங்க மீட்டிங் செத்துப் போச்சு. அம்பது பேரு வேலை."

அவள் வழியை விட்டாள். கோபித்திருந்தால் ஒருவேளை அவன் நின்றிருப்பான். அவள் சும்மா வழியை விட்டாள்.

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பட்டர்வொர்த் ஃபெரிக்குப் போனான். சனிக்கிழமை. பினாங்குக்குச் சாப்பிட வருகிற கூட்டமெல்லாம் அவனுக்கு முன்னால் நின்றது. ஒரு ஃபெரி கண்ணெதிரே போய்விட்டது. அடுத்ததில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் நெற்றிச் சந்தனமுமாக நிற்கிற அவனை ஒரு சுற்றுலாப் பெண் படம் எடுத்தாள். அவன் மனசெல்லாம் முதலாளியின் திறந்த வாயில் இருந்தது.

நடுக்கடலில் ஷாஹிராவே கூப்பிட்டாள். தயவுசெய்து வராதீர்கள் அண்ணே, திரும்பிப் போங்கள், இங்கே ஒரு குறையும் இல்லை என்றாள். குரலில் ஒரு தவிப்பு இருந்தது. முதலாளி கொலைவெறியில் இருக்கிறார், இந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று குணாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன நல்ல மனசு. திங்கட்கிழமை அவளுக்கு மட்டும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ஃபெரித் துறையில் இறங்கி, பீச் ஸ்ட்ரீட்டுக்குப் பறந்து, ஆபீசுக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடை வாசலில் மோட்டாரை நிறுத்தியபோது துளசியின் அழைப்பு வந்தது. பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"தட்ட திருநாவுக்கரசு அண்ணன் மாத்திட்டாரு," என்றாள். "மாப்புள வீட்டுல மூத்த மருமகன் எங்கன்னு கேட்டாங்க. வெளியூர்ல இருக்காருன்னு அம்மா சொல்லிட்டாங்க. நீங்க மெதுவா வாங்க."

போனை வைத்துவிட்டாள். குணாளன் நடைபாதையில் அப்படியே நின்றான். ஒரு ஃபெரி தூரத்தில் இருந்துகொண்டு வெளியூர்க்காரன் ஆகிவிட்டான். போகட்டும், தட்டு போனாலும் கம்பெனி மானத்தையாவது காப்பாற்றலாம், அம்பது குடும்பம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினான்.

உள்ளே ஒரு பதற்றமும் இல்லை. சேல்ஸ்காரர்கள் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பூப்பந்து ஆட்டம் ஒன்றை, ஒரு தடங்கலும் இல்லாமல், பளிச்சென்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி அறைக்குள் இப்ராஹிம் இருந்தார். சுவர்த் திரையில் ரோட்டர்டாம்காரர்கள் மூன்று பேர் பல் வரிசை தெரிகிற அளவுக்குத் தெளிவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்ராஹிமும் சிரித்தார். வேட்டியில் நிற்கிற குணாளனைப் பார்த்ததும் அவர் சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைந்தது. கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அவசரமாகத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

குணாளன் ஸ்டோர் ரூமுக்கு ஓடினான். பெட்டி எழுந்து நின்றது. எல்லாக் கதவும் அவன் அடைத்தபடியே கிடந்தன. அந்தப் பெட்டி வழியாக ஓர் எறும்புகூட வெளியே போக முடியாது. அவன் கதவிடுக்கு வழியாகப் பூப்பந்து ஆட்டத்தை எட்டிப் பார்த்தான். மறுபடி பெட்டியைப் பார்த்தான். படித்த படிப்பு, எழுதிய பரீட்சை, கருத்தரங்கில் பேசிய பேச்சு எல்லாவற்றுக்கும் எதிராக அங்கே ரோட்டர்டாம் சிரித்துக்கொண்டிருந்தது.

ஷாஹிரா பின்னால் வந்து நின்றாள். கையில் தண்ணீர் போத்தல். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"எப்படி?" என்றான் குணாளன். "பெட்டி செத்துக் கெடக்கு. மீட்டிங் எப்படி ஓடுது?"

அவள் கண்ணாடி அறையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ஆர்டர்ண்ணே, மனசு ஒடிஞ்சிருவீங்களாம், ஹரி ராயா பெருநாளுக்கு முன்னாடியே எல்லாரும் கீழ கோப்பிக் கடை வைஃபைக்கு மாறிட்டோம், மொதல்ல மாறுனது பாஸ் தான்."