நூற்றிருபத்தைந்து குடம்

“காலையிலும் நூற்றிருபத்தைந்து குடம், சாயங்காலமும் நூற்றிருபத்தைந்து குடம்! மழை பெய்தாலும் அதே, வெயில் கொளுத்தினாலும் அதே! அப்புறம் உங்களுக்கு அங்கே என்னய்யா வேலை?”

ஒரு காட்டில், குளத்துத் தண்ணீரை வடிகட்டும் குழியோரம் நின்றுகொண்டு, கொக்கு மூன்றாவது முறையாக இதையே எழுத்து மாறாமல் கத்தியது. ஆய்வு அதிகாரி. கழுத்தில் டேப்லெட் தொங்கியது.

முன்கதவுக்குக் கீரி பொறுப்பு. “சார், மழையில தண்ணி முட்டினா நான் கதவை இறுக்குவேன், குறைஞ்சா தளர்த்துவேன். அதுவும் பத்தலைன்னா முள்ளம்பன்றி பின்கதவை இறுக்கும். குழியில அழுத்தம் இறங்காது. அதான் அதே கணக்கு.”

“அதாவது, ஒன்றும் நடக்கவில்லை.”

“நடக்காம பார்த்துக்கறோம் சார்.”

‘நடக்கவில்லை’ என்று கொக்கு டைப் செய்துகொண்டது.

நம் இடுப்புக்குப் பின்னால் இரண்டு சிறுநீரகங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அங்கே ஆய்வுக்குப் போக வழியில்லாததால் பிழைத்தோம்.

வடிந்த தண்ணீர் ஆற்றுக்கு ஓடும் வாய்க்காலில் அணில் இருந்தது. தண்ணீர் வேகமாக ஓடினால் ஓரத்துப் பாசிக்கு உப்பை உறிஞ்சிக் குளத்துக்குத் திருப்ப நேரம் இருக்காது. அணில் நக்கிப் பார்த்து, “உப்பு கூடுது, கீரியண்ணே! கொஞ்சம் இறுக்குங்க!” என்று கத்தும்.

“இவன் ஒருத்தன்தான் வேலை செய்கிறான்” என்றது கொக்கு. மற்ற இரண்டுக்கும் அன்றே சீட்டுக் கிழிந்தது.

மழையில் முந்நூறு குடம் ஓடி, உப்பெல்லாம் ஆற்றோடு போனது. மான்களுக்குக் கால் துவண்டது. கோடையில் இருபது குடம். அழுக்கு குளத்திலேயே தங்கி எருமைக்கு முகம் வீங்கியது. எருமை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

டேப்லெட்டில் கோடு மலையும் பள்ளமுமாக ஏறி இறங்கியது. “இப்போதுதான் துறை சுறுசுறுப்பாக இருக்கிறது!” என்று சிங்கராஜா கொக்குக்குப் பொன்னாடை போர்த்தினார்.

கீரி மறுபடி வேலை கேட்டு மனுப் போட்டது. ‘உங்களால் ஏற்பட்ட மாற்றம் என்ன?’ என்று ஒரு கட்டம். நேர்மையான பிராணி, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியது. மனு திரும்பி வந்தது.

நீதி: எல்லாம் சரியாக ஓடினால் நீங்கள் சும்மா இருப்பதாகத்தான் அர்த்தம். வாரத்துக்கு ஒரு நாளாவது எதையாவது கெடுத்து வையுங்கள்.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அணில் வாய்க்காலை நக்கிப் பார்த்தது.

“உப்பு கூடுது, கீரியண்ணே! கொஞ்சம் இறுக்குங்க! அண்ணே... இருக்கீங்களா?”